கொல்கத்தா நேரம்

நேரு பிளேஸ், படிக்கட்டுக்கு அடியில் கடை.
பழைய திங்க்பேட், பதினோராயிரத்து ஐந்நூறு.
எந்த அலுவலகத்துச் சொத்து எண்ணோ
மூடியில் பாதி உரிந்திருந்தது.
"விண்டோஸ் போட்டுத் தரவா, முந்நூறு போதும்"
என்றான் பல்விந்தர்.
வேண்டாம், காலியாகக் கொடுங்கள்.
"காலியாகவா?"
முனிர்க்காவில் வீடு தேடியபோது
"தனியாகவா?" என்றார்களே,
அதே குரல்.

எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்றுதான் இருந்தது.
யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து எழுதி
எடுத்துக்கொள் என்று விட்டுவைத்தவற்றை
வாரம் ஒன்றாய் அதில் ஏற்றினேன்.
நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம்.
எந்த வீட்டுக்காரர்
ஒரு ராத்திரி தங்கிப் பார்த்துவிட்டு
முன்பணம் கொடு என்றிருக்கிறார்?

உபுண்டு வந்ததும் விசிறி அலறியது.
மே மாதம். எனக்கும் சேர்த்து வியர்த்தது.
மின்ட் நல்ல பிள்ளை,
கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்தது,
சண்டை போட ஒன்றுமில்லாமல்
நான்காம் நாள் அலுத்துவிட்டது.
ஆர்ச் கறுப்புத் திரையில் ஒரு கோட்டை மினுக்கி
"சொல்" என்றது.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

செங்கொடி என்ற என் பெயரில் இரண்டு கொம்புகள்.
முனையத்தில் தட்டினால்
ஒவ்வொன்றும் ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு
எழுத்தைவிட்டுத் தள்ளி நின்றது.
இதில் எல்லாமே ஒரே மாதிரி.
மன்னித்துவிட்டேன்.

"ஆறு வாரமா?" என்றாள் அறைத்தோழி லால்ரின்புயி,
சஃப்தர்ஜங்கில் இரவுப் பணி முடித்து
செருப்பைக் கழற்றியபடி.
"ஜோசாங்காவை நான் ஒரு டீயில் முடிவு செய்தேன்."
பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.
"சரி, நீ மெதுவாகவே பார்."

ஏழாவது வாரம் டெபியன்.
வந்ததுமே வைஃபை இல்லை.
அந்த அட்டையை எழுப்பும் துணுக்கு கட்டற்றதல்ல,
ஆகவே என்னிடம் இல்லை என்று
ஒளிக்காமல் சொன்னது.
விற்க வந்தவர்கள் யாரும்
இல்லை என்பதை முதலில் சொன்னதில்லை.
வெள்ளிக்கிழமை இரவு. நிறுவு என்றேன்.

ஊர் எது என்று கேட்டது.
பட்டியலில் டில்லி இல்லை, சேலம் இல்லை.
இந்த நாட்டுக்கெல்லாம் கொல்கத்தா ஒன்றுதான்.
போகாத ஊரைத் தட்டினேன்.
வட்டில் வீட்டுக்கென்று தனிப் பிரிவு போட்டேன்.
நாளை அமைப்பையே தூக்கி எறிந்தாலும்
வீடு அப்படியே இருக்குமாம்.
அந்த வரியை இரண்டுமுறை படித்தேன்.

போனில் டேட்டா இருந்தது. கேபிளும் இருந்தது.
அந்தத் துணுக்கை இறக்க இருபது நிமிடம்.
திங்கள் காலைவரை நான் இறக்கவில்லை.
ஓக்லா அலுவலகத்தின் ஜிஎஸ்டி தாள்கள்
எந்த வழியிலும் உள்ளே வர முடியவில்லை.
விசிறி அடங்கியிருந்தது,
கூலரில் தண்ணீர் சொட்டுவது கேட்டது,
பகலில் தூங்கும் புயி
மிசோவில் ஏதோ முனகுவது கேட்டது.
வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து
இந்த நகரத்தில் நான் இருந்த முகவரிகளை எழுதினேன்:
கோட்லா, மறுபடி கோட்லா, லாஜ்பத் நகர்,
பேர் சராய், இது.
காலி செய்த காரணங்களைப் பக்கத்தில்.
லாஜ்பத் நகருக்கு எதிரே "மீன்" என்று மட்டும்.
வீட்டுப் பிரிவில் முதலில் சேமித்தது அதுதான்.

ஏன் அது என்று நிதின் கேட்டான்.
ஸ்டேபிள் என்றேன்.
அப்படிச் சொன்னால் தலையாட்டுவார்கள்.

செவ்வாய் விடியலில் புயி கதவைத் திறந்தாள்.
"மணி என்ன?"
திரையின் ஓரத்தைப் பார்த்தேன்.
கொல்கத்தாவில் ஏழேகால் என்றேன்.
"இங்கே?" என்றாள்.